கூரத்தாழ்வானின் ஏடு: தேர்வுக்கு மீள்பார்வை செய்வோர்க்குச் சில சிந்தனைகள்

காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள கூரம் என்னும் சிற்றூரை வரலாற்று மாணாக்கர் இரு காரணங்களால் அறிவர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் கூரத்துச் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுள்ளன. கோயில் வழிபாட்டிற்கும் பழுது பார்த்தலுக்கும் பங்குகள் ஒதுக்கிய அவ்வேடுகளில், மண்டபத்திலே பாரதம் வாசிப்பதற்கென்றும் பங்கு ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். ஏடு ஒருவர் கையில் இருக்க, ஊரார் செவிவழியே கேட்டு உள்ளத்தில் வைத்துக்கொண்ட காலம் அது. இரண்டாவது காரணம், இவ்வூர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்பது. இராமாநுசரின் தலைமாணாக்கருள் ஒருவரான அவரைப் பற்றி வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் ஒரு செய்தியே இக்கட்டுரைக்கு வாயிலாகின்றது.

பிரம்ம சூத்திரங்களுக்குப் போதாயனர் இயற்றிய விருத்தியுரையைக் கண்ட பின்னரே தாம் உரை எழுதவேண்டும் என்று இராமாநுசர் விரும்பினார். அவ்வுரையின் ஏடு காசுமீரத்துச் சாரதா பீடத்தில் இருந்தது. ஆசிரியரும் கூரத்தாழ்வானும் அத்துணைத் தொலைவு சென்று அதனைப் பெற்றுத் திரும்பும் வழியில், அந்நாட்டுப் பண்டிதர்கள் பின்தொடர்ந்து வந்து ஏட்டைப் பறித்துச் சென்றனர். பயணம் வீணாயிற்றே என்று ஆசிரியர் வருந்தினார். அப்பொழுது கூரத்தாழ்வான், தேவரீர் உறங்கிய இரவுகளிலெல்லாம் தாம் அந்நூலைப் படித்து உள்ளத்தில் கொண்டுவிட்டதாகவும், எவ்விடத்திலிருந்து கேட்பினும் சொல்ல இயலும் என்றும் விண்ணப்பித்தாராம். பின்னர்ச் சீபாடியம் எழுதப்பட்டபோது அவருடைய நினைவே ஆசிரியர்க்கு ஏடாக உதவிற்று என்பது மரபு. ஏட்டைப் பீடத்தில் வைத்தே ஒருமுறை படிக்க மட்டும் இசைவு கிடைத்தது என்று கூறுவோரும் உண்டு.

இதனை நடந்த நிகழ்ச்சி என்று நிலைநாட்ட நாம் முற்படவில்லை. மறைநூல் ஆய்வில் மரபின் வரலாற்றையும் நிகழ்ச்சியின் வரலாற்றையும் பிரித்து நோக்கப் பயின்ற நம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு சமுதாயம் தான் பேணிய கதையின் வாயிலாகக் கல்வி என்பதை எவ்வாறு கருதிற்று என்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது. கூரத்தாழ்வான் அந்நூலைப் பலமுறை புரட்டினார் என்று அம்மரபு அவரைப் போற்றவில்லை. ஏடு போன பின் அவரால் சொல்ல முடிந்தது என்றே போற்றுகின்றது.

தேர்வு மண்டபத்தின் நிலையும் இதுவே. வாயிற்படியில் புத்தகம் வாங்கப்படுகின்றது. குறிப்பேடு வெளியே கிடக்கின்றது. உள்ளே மாணாக்கர் வெறுங்கையோடு அமர்கின்றார். ஆயினும் அந்நாளுக்கு அவர் எவ்வாறு ஆயத்தம் செய்தார் என்று உசாவினால், திறந்த புத்தகத்தை முன்வைத்தே இரவும் பகலும் படித்ததாகக் கூறுவார். ஏடில்லாமற் செய்யவேண்டிய ஒன்றிற்கு ஏட்டோடு பயிற்சி செய்வது, கரையில் அமர்ந்து நீச்சல் பழகுவதை ஒக்கும். நம் கல்லூரிகளில் உழைப்பில் குறைவில்லாத மாணாக்கர் பலர் தேர்வில் தவறுவதற்கு இப்பொருத்தமின்மை பெருங்காரணம் என்று கருதுகின்றோம். தம் குடும்பத்திலே முதன்முதலாக உயர்கல்விக்கு வந்தவர்கள், நெசவுத்தறிக்கும் வயலுக்கும் இடையே பள்ளிப்படிப்பை முடித்து வந்தவர்கள், கிரேக்கத் தாளில் இருமுறை தவறியதும் தம்மை மந்தமதியினர் என்று தாமே தீர்ப்பிட்டுக்கொள்கின்றனர். தவறு மதியிலன்று, முறையிலே உள்ளது என்பதை அவர்கட்கு யாரேனும் சொல்லியாகவேண்டும்.

தெரிந்ததுபோல் தோன்றுவது

ஆலய வாயிலில் நிற்கும் ஆயர் ஒருவர், கைகுலுக்க வரும் சபையாரின் முகங்களையெல்லாம் நன்கு அறிவார். ஆனால் அவருள் ஒருவர், என் பெயர் நினைவிருக்கின்றதா ஐயா என்று கேட்டுவிட்டால் திகைத்து நிற்பார். முகத்தை அடையாளங் காண்பது ஓர் ஆற்றல். பெயரை உள்ளிருந்து எடுத்துத் தருவது வேறோர் ஆற்றல். முன்னது எளிது; பின்னது பயின்றாலன்றி வாராது. ஒரு பாடத்தை மூன்றாம் முறை படிக்கையில் ஒவ்வொரு வரியும் பழகிய முகம்போல் தோன்றுகின்றது. இது எனக்குத் தெரியும் என்று மனம் அமைதி கொள்கின்றது. மாணாக்கரை ஏமாற்றுவது இவ்வமைதியே.

இதனை அளந்து காட்டிய ஆய்வுகள் உள்ளன. அமெரிக்காவில் செயிண்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் புகழ்பெற்றது. மாணவர்கட்குச் சிறு உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்தனர். ஒரு குழுவினர் அதனை நான்கு வேளைகளிலும் படித்தனர். மற்றொரு குழுவினர் முதல் வேளையில் மட்டும் படித்து, எஞ்சிய மூன்று வேளைகளிலும் பகுதியைப் பாராமல் நினைவிலிருந்தவற்றை வெற்றுத்தாளில் எழுதினர். ஐந்து நிமிடங்கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காடும், நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 71 விழுக்காடும் சொன்னார்கள். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று. முன்னவர் 40 விழுக்காட்டிற்கு இறங்கினர். பின்னவர் 61 விழுக்காட்டில் நின்றனர். முதற்குழுவினர் அப்பகுதியை ஏறத்தாழப் பதினான்கு முறை படித்திருந்தனர் என்பதையும், மற்றவர் மூன்று நான்கு முறைக்குமேல் படிக்கவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

அவ்வாய்வில் நம் உள்ளத்தைத் தொடும் செய்தி இன்னொன்று உண்டு. ஒரு வாரங் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, மீண்டும் மீண்டும் படித்தவர்களே மிகுந்த நம்பிக்கையோடு விடையளித்தனர். நன்றாகப் படித்துவிட்டோம் என்ற உணர்வு, நன்றாகப் படித்ததற்குச் சான்றாகாது. தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாம் தெரிந்தது, உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது என்று மாணாக்கர் முறையிடுவதை ஆண்டுதோறும் கேட்கின்றோம். மறந்துவிட்டது என்பது சரியன்று. எடுத்துத் தருமாறு அவர்கள் தம் நினைவை அதுவரை ஒருமுறையும் கேட்டதில்லை.

ஆகவே மீள்பார்வையின் முதற்பாடம், பார்வையை நிறுத்துவது. ஒரு பகுதியைக் கருத்தூன்றி ஒருமுறை படித்தபின் நூலை மூடுக. வெற்றுத்தாளில் நினைவிற்கு வருவனவற்றை எழுதுக. பின்னர் நூலைத் திறந்து விடுபட்டவற்றை வேறு மையால் குறிக்க. இறுதியில் சொன்னது மிக இன்றியமையாதது. பிழையாக நினைவுகூர்ந்ததைத் திருத்தாமல் விட்டால் பிழையே பாடமாகிவிடும். இவ்வாறு எழுதுவது முதல் இரண்டு வாரங்களுக்கு வருத்தந் தரும். அரைப் பக்கத்தில் கை நின்றுவிடும். நான் ஒன்றும் அறியேன் என்ற சோர்வு எழும். அவ்விடத்திலே பழைய வழக்கத்திற்குத் திரும்பிவிடுவோர் பலர். கை நிற்கும் அவ்விடத்தில் மனம் தேடுகின்றது என்பதையும், அத்தேடலே நினைவை உறுதி செய்கின்றது என்பதையும் அறிந்தோர் பொறுத்துக்கொள்வர்.

வண்ணப் பேனாவால் வரிகளுக்கு நிறந்தீட்டுவதைப் பற்றி ஒரு சொல். 2013-ஆம் ஆண்டில் ஜான் டன்லோஸ்கி என்பவரும் உடன் ஆய்வாளரும் மாணவர் கையாளும் பத்து முறைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், அடிக்கோடிடுதலும் திரும்பப் படித்தலும் குறைந்த பயனுடையவை என்ற வரிசையில் வைக்கப்பட்டன. தம்மைத்தாமே சோதித்துக்கொள்வதும் இடைவெளிவிட்டுப் படிப்பதும் உயர்ந்த வரிசை பெற்றன. பக்கம் முழுதும் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும் நூல்களை விடுதி அறைகளில் காண்கின்றோம். கண்ணுக்கு இனியவை, அவ்வளவே.

மறதியின் கணக்கு

செர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-ஆம் ஆண்டில் நினைவு பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு, பொருளற்ற அசைகளின் வரிசைகளை மனனஞ் செய்து, சில காலங்கழித்து அவற்றை மறுபடியும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகின்றது என்று கணக்கிட்டார். ஒரு மணி நேரத்திற்குப்பின் மிச்சம் பாதிக்கும் குறைவாயிற்று. ஒரு நாளைக்குப்பின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காயிற்று. ஆனால் ஒரு மாதங் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. அதாவது, மறதி தொடக்கத்தில் விரைந்தோடிப் பின்னர் மெல்ல நடக்கின்றது. பொருளுடைய பாடங்கள் இத்துணை விரைவில் மறப்பதில்லை எனினும், அக்கோட்டின் வடிவம் நமக்கும் பொருந்துவதே. வகுப்பில் கேட்டதை அன்று மாலையே ஒருமுறை மீட்டுப் பார்ப்பவர் மறதியின் விரைந்த ஓட்டத்தைத் தடுக்கின்றார். ஆண்டிறுதியில் தொடங்குபவரோ, ஏறக்குறையப் புதிதாகவே கற்கவேண்டியவராகின்றார்.

அவர் கண்ட மற்றொரு கணக்கு தேர்வுக்காலத்தில் நினைக்கத்தக்கது. ஒரே நாளில் 68 முறை ஓதியதால் கிட்டிய பயனை, மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியதாலேயே அவர் பெற்றார். உழைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; பயன் குறையவில்லை. சற்று மறந்தபின் மீட்டெடுப்பதே மீட்டெடுத்தலாகும். மறவாததை மீட்க ஒன்றுமில்லை. ஆதலின் ஒரு பாடத்தை ஞாயிறன்று மூன்று மணி நேரம் படிப்பதினும், திங்கள், வியாழன், அடுத்த வாரம் என ஒவ்வொரு மணி நேரமாகப் பகிர்வது நன்று. தேர்வு எத்துணைத் தொலைவிலுள்ளதோ அத்துணை நீண்ட இடைவெளி விடலாம் என்றும் பின்வந்த ஆய்வாளர் கண்டுள்ளனர். பருவத் தொடக்கத்தில் கற்றதை மாதம் ஒருமுறையும், தேர்வு நெருங்குங்கால் சில நாள்களுக்கு ஒருமுறையும் மீட்பது போதும்.

நம் பழைய திண்ணைப்பள்ளிகள் இதனை ஆய்வின்றியே அறிந்திருந்தன. உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்று நூலில் திண்ணைப்பள்ளி வாழ்க்கையை விவரித்துள்ளார். மாலையில் பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்புமுன் ஆசிரியர் பூ, பறவை முதலியவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்புவதும், மறுநாட்காலை அவற்றைத் திரும்பக் கேட்பதும் அன்றைய வழக்கம். ஓர் இரவின் இடைவெளி, அதன்பின் ஏடின்றி நினைவுகூர்தல் என்னும் இரண்டும் அச்சிறு விளையாட்டில் அமைந்திருந்தன. திண்ணைப்பள்ளியின் பிரம்படியை நாம் நினைவில் வைத்திருக்கும் அளவிற்கு இதனை வைத்திருக்கவில்லை.

இரவு முழுதும் கண்விழித்துப் படிப்பதைப் பற்றி நெடிதாக எழுதவேண்டியதில்லை. கற்றவை உள்ளத்தில் நிலைபெறுவது உறக்கத்திலே பெரிதும் நிகழ்கின்றது. உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்குவது நட்டத்தில் முடியும் வாணிகம். தேர்வு நாட்காலையில் ஏறெடுக்கும் செபமும் முந்தைய மாதங்களின் சோம்பலுக்கு ஈடாகாது என்பதை, செபத்தின் அருமையை அறிந்தோராதலினாலேயே துணிந்து கூறுகின்றோம்.

வரிசையைக் குலைத்தல்

எபிரேய வினைத்திரிபுகளைக் கற்கும் மாணாக்கர் அட்டவணையை மேலிருந்து கீழாகத் தாலாட்டுப்போல் ஒப்பிப்பார். முன்னிலைப் பெண்பாற் பன்மை வடிவம் யாது என்று நடுவில் கேட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி விரல்விட்டு எண்ணி அவ்விடத்தை அடைவார். அவருடைய நினைவில் வடிவங்கள் இல்லை. ஒரு பாட்டு இருக்கின்றது. மறைநூற் பகுதியை மொழிபெயர்க்கும் தாளில் வினைச்சொல் அட்டவணை வரிசையில் வருவதில்லையே!

வேதம் ஓதுவோர் இவ்விடர்ப்பாட்டை மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்து அதற்கு வழியும் கண்டிருந்தனர். சொற்களைத் தொடர்ச்சியாக ஓதுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கிரமம் என்னும் முறையில் முதற்சொல்லும் இரண்டாஞ்சொல்லும், பின்னர் இரண்டும் மூன்றும் என இணைத்து ஓதுவர். சடை என்னும் முறையில் ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு என முன்னும் பின்னுமாகப் பின்னுவர். கனம் என்னும் முறையில் மூன்று சொற்களை இவ்வாறே முறுக்கித் திருப்புவர். எழுத்தின் துணையின்றி ஒரு சொல்லும் பிறழாமல் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டமைக்கு இம்முறைகள் பெரிதும் காரணமாயின. வரிசையைக் காப்பதற்காகவே வரிசையைக் குலைத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

நாமும் இதனை எளிதாகச் செய்யலாம். வினைவடிவங்களைச் சிறு அட்டைகளில் எழுதிக் குலைத்துவிட்டு எடுக்கலாம். ஒருபுறம் எபிரேயச் சொல், மறுபுறம் தமிழ்; ஒருநாள் இப்புறத்திலிருந்து, மறுநாள் அப்புறத்திலிருந்து. சரியாகச் சொன்ன அட்டைகளை உடனே நீக்கிவிடும் பழக்கம் மட்டும் வேண்டா. கார்ப்பிக்கியும் ரோடிகரும் 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒருமுறை சரியாகச் சொன்ன சொற்களை மீண்டும் மீண்டும் கேட்டுவந்தவர்கள் ஒரு வாரங்கழித்து ஏறத்தாழ 80 விழுக்காடு சொன்னார்கள். கேட்பதை நிறுத்திவிட்டவர்கள் 40 விழுக்காட்டையும் எட்டவில்லை.

திருச்சபை வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. அப்பொலினாரியு, நெஸ்தோரியு, யூத்திக்கு ஆகியோரை மூன்று தனித்தனி நாள்களில் தனித்தனியே படித்து முடித்தவர், ஒவ்வொருவரைப் பற்றியும் நன்கறிந்ததாகவே எண்ணுவார். விடைத்தாளிலோ ஒருவர் கருத்தை மற்றவர்மேல் ஏற்றிவிடுவார். கிறிஸ்துவுக்கு மனித அறிவுள்ளம் இல்லை என்றவரை 381-ஆம் ஆண்டுக் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் மறுத்தது. இரு தன்மைகளையும் பிரித்தவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவரை 431-ஆம் ஆண்டு எபேசு சங்கம் தள்ளிற்று. ஒன்றிப்புக்குப்பின் ஒரே தன்மை என்றவரின் கருத்தை 451-ஆம் ஆண்டுக் கல்கெதோன் சங்கம் விலக்கிற்று. மூவரையும் ஒரே அமர்வில் கலந்து, இக்கூற்று யாருடையது, ஏன் மற்றவருடையதாக இருக்க முடியாது என்று வினவிப் படித்தால் வேறுபாடு தெளிவாகும். தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் வேறுபாடே. கலந்து படிக்கையில் முன்னேற்றம் மெதுவாகத் தோன்றும். அதுவும் முன்னே கூறிய ஏமாற்றுணர்வின் மறுபக்கந்தான்.

எழுதுகோலை நிறுத்திய மாணாக்கர்

இதுவரை கூறியவற்றால், மனப்பாடமே கல்வி என்று நாம் கருதுவதாக எவரும் எண்ணற்க. கூரத்தாழ்வானைப் பற்றிய மரபே அவ்வெண்ணத்திற்கு மறுப்பாக இன்னொரு செய்தியைத் தருகின்றது. சீபாடியத்தை இராமாநுசர் சொல்லச் சொல்லக் கூரத்தாழ்வான் ஏட்டில் எழுதிவந்தார். தம் உள்ளத்திற்கு ஒவ்வாத கருத்து வருமாயின் எழுதுவதை நிறுத்திவிடலாம் என்பது அவர்களுக்குள் இருந்த உடன்பாடு. உயிரின் இயல்பைப் பற்றிய ஓரிடத்தில், அறிவுடைமையை மட்டும் கூறி, அது இறைவனுக்கே உரியது என்பதைக் கூறாது ஆசிரியர் மேற்சென்றபோது, மாணாக்கரின் எழுத்தாணி நின்றது. ஆசிரியர் சினங்கொண்டார். ஆயினும் பின்னர்த் தாமே ஆராய்ந்து, மாணாக்கரின் தயக்கம் தக்கதே எனக் கண்டு, எழுத்தைத் தொடரச் செய்தார்.

நூல் முழுவதையும் உள்ளத்தில் தாங்கிய அதே மனிதர், விளங்காததையும் ஒவ்வாததையும் எழுத மறுத்தவராகவும் சித்திரிக்கப்படுவதை நோக்குக. நம் வகுப்பறைகளில் குறிப்பு எழுதப்படும் முறை இதற்கு நேர்மாறானது. ஆசிரியரின் வாயிலிருந்து குறிப்பேட்டிற்குச் செல்லும் சொற்கள் இடையே எவருடைய உள்ளத்திலும் தங்குவதில்லை. எழுதுகோல் ஒருபொழுதும் நிற்பதில்லை. அக்குறிப்பேடே பின்னர் மீள்பார்வைக்குரிய நூலாகின்றது. விளங்காமல் எழுதியதை விளங்காமல் ஒப்பித்து, விளங்காமல் விடைத்தாளில் இறக்கி வைத்தபின், வாழ்நாள் முழுதும் அதனை மீண்டும் காணவேண்டியதில்லை என்ற நிம்மதியோடு ஊர் திரும்புகின்றனர். 1827-இல் டென்மார்க்கு மன்னரின் பட்டயம் பெற்ற செராம்பூரின் பட்டம் சுவரில் தொங்குகின்றது. கிரேக்கப் புதிய ஏற்பாடோ அலமாரியில் உறங்குகின்றது.

குறிப்பேட்டின் ஓரத்தில் நான்கு விரல் அகலம் வெற்றிடம் விட்டு, எழுதுகோல் நிற்கவேண்டிய இடங்களில் ஏன், எவ்வாறு, யாருக்கு எதிராக என்ற வினாக்களைக் குறித்து வைப்பது பயனுள்ள பழக்கம். மீள்பார்வையின்போது வலப்புறத்தை மூடிவிட்டு ஓரத்து வினாக்களுக்கு மட்டும் விடை கூறலாம். நாற்பது பக்கக் குறிப்பு இருபது வினாக்களாகச் சுருங்கிவிடும். விடை தெரியாத வினா ஆசிரியரின் அறைக்கதவைத் தட்டுவதற்கு உரியது. கதவு திறக்குமா என்பது ஆசிரியர்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

பவணந்தி முனிவரின் நன்னூல் மாணாக்கர்க்குக் கூறும் முறையும் இங்கு நினைக்கத்தக்கது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிறைவுறும் என்பது அதன் கருத்து. எழும்பூரில் படைவீரர்தம் ஆண்பிள்ளைகளுக்கான புகலிடத்தில் 1789 முதல் பொறுப்பேற்றிருந்த ஆண்ட்ரு பெல் என்னும் குரு, மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்ததும், 1797-இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டதும், அது மதராசு முறை என்ற பெயரில் மேல்நாடுகளில் பரவியதும் பலர் அறிந்தவை. ஆசிரியர் பற்றாக்குறைக்கு மருந்தாகவே அம்முறை அங்குப் பெரிதும் கையாளப்பட்டது. கற்பிக்கும் பிள்ளையே மிகுதியாகக் கற்கின்றான் என்னும் நன்னூலின் கருத்து அவ்வளவாகக் கடல் கடக்கவில்லை.

விடுதிகளில் குழுவாகப் படிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் பாயில் சாய்ந்து கேட்டுத் தலையசைப்பதாகவே முடிகின்றது. தலையசைப்பதும் முகமறிதலே, பெயரறிதலன்று. குழுவில் ஒருவர் நூலை வைத்துக்கொண்டு வினவ, மற்றவர் நூலின்றி விடையிறுக்கவேண்டும். நாள்தோறும் வினவுபவர் மாறவேண்டும். நன்கு கற்றவரே எப்பொழுதும் விளக்கினால் அவர் மட்டும் மேலும் கற்பார். தயங்குபவரை விளக்கவிட்டு, நன்கு கற்றவர் கேட்பதே சரியான முறை. நாவெழாத ஒருவர் நான்கு நண்பர்முன் எரேமியாவின் அழைப்பைத் தட்டுத்தடுமாறி விளக்கி முடிக்கும் மாலையொன்று, அவருக்குப் பத்து விரிவுரைகளுக்குச் சமமானது. சபைக்கு முன் அவர் நிற்கப்போகும் முதல் ஞாயிறுக்கும் அது ஆயத்தமாகின்றது.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. ஆண்டிறுதியில் ஒரே பெருந்தேர்வை வைத்துவிட்டு மாணாக்கர் இடைவெளிவிட்டுப் படிக்கவில்லையே என்று குறைகூறுவது முறையாகாது. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம், சென்ற வாரப் பாடத்தில் மூன்று வினாக்கள், மதிப்பெண் கிடையாது, தாளை மாணாக்கர் தாமே திருத்திக்கொள்ளட்டும். மதிப்பெண் இல்லாதவிடத்துத் தவறுவதற்கு அஞ்சவேண்டியதில்லை. தவறு அங்கேயே வெளிப்பட்டுத் திருந்தும். வினாத்தாள்களும் மாறவேண்டும். நிக்கேயா சங்கம் பற்றிக் கட்டுரை வரைக என்று ஆண்டுதோறும் கேட்டால், ஆண்டுதோறும் அதே கட்டுரையை மனனஞ் செய்து வருவர். நிக்கேயாவில் 325-இல் முடிந்ததாக எண்ணப்பட்ட வழக்கு 381 வரை ஏன் நீடித்தது என்று கேட்டால், குறிப்பேட்டை ஒப்பிப்பவர் திகைப்பார். வினாக்களோடு படித்தவர் எழுதத் தொடங்குவார்.

கூரத்தாழ்வானிடமிருந்து ஏடு இருமுறை பறிக்கப்பட்டது எனலாம். காசுமீரத்து வழியில் பறித்தவர் பண்டிதர். பின்னாளில் சோழ மன்னன் ஒருவனின் அவைக்குத் தம் ஆசிரியரின் கோலத்தில் தாம் சென்று நின்றபோது, அவர் கண்களையே இழந்தார் என்று குருபரம்பரை கூறுகின்றது. அம்மன்னன் யாவன் என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதன்பின் அவர் எந்த ஏட்டையும் படித்திருக்க இயலாது. ஆயினும் காஞ்சி வரதராசர்மேல் அவர் பாடிய துதிநூல் உட்பட ஐந்து துதிநூல்கள் அவர் பெயரால் நிலவுகின்றன. கண்ணிழந்த காலத்திலும் அவர் பாடியும் கற்பித்தும் வந்ததாகவே மரபு பேசுகின்றது.

ஆயருக்கும் ஏடு பறிபோகும் வேளைகள் உள. மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சை அறைக்குள் நூலோ பையோ கொண்டுசெல்ல விடார். மின்சாரம் நின்ற இரவில், குடிசையில், இறக்குந் தறுவாயிலுள்ள மூதாட்டியின் அருகே அமர்ந்து நூல் புரட்ட இயலாது. அங்கு வாய்க்கு வரும் திருப்பாடல், மாணாக்கப் பருவத்தில் பலமுறை படித்ததாக இராது. பலமுறை ஏட்டை மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்ததாகவே இருக்கும். இவ்வாண்டுத் தேர்வுக்குப் படிப்போர், தம் பாடத்திட்டத்தில் உள்ள திருப்பாடல்களிலிருந்தே இப்பழக்கத்தைத் தொடங்கலாம். ஒவ்வொன்றையும் கருத்தறிந்து இருமுறை படித்து, நூலை மூடி, நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கலாம். தடைப்பட்ட அடியை மட்டும் திறந்து நோக்கி, மீண்டும் மூடிவிட்டு, நான்காம் நாள் அதே பாடலுக்குத் திரும்பலாம்.